பதவிக்காலம் முடிந்த மறுநாள்

சிலி என்றதும் எம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, 1973 செப்டெம்பர் 11இல் ஜனாதிபதி மாளிகையில் உயிர்நீத்த சல்வடோர் அலெண்டேயின் பெயரே. அவருக்கு 82 ஆண்டுகளுக்கு முன்னர், அதே செப்டெம்பர் மாதத்தில், தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட இன்னொரு சிலி ஜனாதிபதி இருந்தார். ஹொசே மனுவேல் பல்மசேடா என்பது அவர் பெயர். அவரை நாட்டுப்பற்றாளர் என்பதா, சர்வாதிகாரி என்பதா என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை.

1840இல் பெருநிலக்கிழார் குடும்பமொன்றிற் பிறந்த பல்மசேடா, குருமடத்திற் பயின்றவர். பின்னர் லிபரல் அரசியலில் இணைந்து, தேர்தற் சுதந்திரத்துக்காகவும் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைப்பதற்காகவும் குரல்கொடுத்தார். அவர் அமைச்சராக இருந்தபோது, 1884இல், திருச்சபையின் எதிர்ப்பையும் மீறிச் சிவில் திருமணச் சட்டம் நிறைவேறியது. 1886 செப்டெம்பர் 18இல் ஜனாதிபதிப் பதவி அவரிடம் வந்தது.

பெரு, பொலிவியா ஆகிய நாடுகளுடனான போரிற் சிலி கைப்பற்றிய வடக்குப் பாலைநிலத்தின் வெடியுப்பு, அப்போது அரச திறைசேரியை நிரப்பிக்கொண்டிருந்தது. அச்செல்வம் நிலையானதன்று என உணர்ந்த அவர், அதனைப் பாடசாலைகளாகவும் பாலங்களாகவும் புகையிரதப் பாதைகளாகவும் மாற்ற முனைந்தார். 1890இல் திறக்கப்பட்ட மல்யேக்கோ புகையிரதப் பாலம் ஏறத்தாழ 102 மீற்றர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. வெடியுப்புத் தொழிலில் அந்நியர் ஏகபோகத்தையும் அவர் கண்டித்தார்.

ஆனால் அமைச்சர்கள் ஜனாதிபதிக்குக் கட்டுப்பட்டவர்களா, காங்கிரஸுக்குக் கட்டுப்பட்டவர்களா என்ற பிணக்கு முற்றியது. 1891ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றவில்லை. ஜனவரி 5இல், முந்திய ஆண்டின் திட்டமே நீடிக்கும் என அவர் தாமே ஆணையிட்டார். எந்த அதிகாரத்தைக் குறைக்கவேண்டுமென இளமையில் வாதிட்டாரோ, அதனையே இப்போது எல்லைகடந்து பயன்படுத்தினார். இரண்டு நாட்களிற் கடற்படை காங்கிரஸின் பக்கம் நின்று கிளர்ந்தது. தரைப்படையின் பெரும்பகுதி அவருடன் நின்றது. எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் மூடப்பட்டன. பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இதனை என்னால் எளிதிற் கடந்துசெல்ல முடியவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் லோ கன்யாஸ் என்னுமிடத்திற் கூடியிருந்த எதிர்த்தரப்பு இளைஞர் பலரை அரச படையினர் கொன்றதும் அவரது ஆட்சியின் மீது படிந்த கறையே.

கொன்கோன், பிளாசில்யா சமர்களில் அவரது படை தோற்றது. ஓகஸ்ட் 29இல் ஆட்சியை ஜெனரல் பக்கெடானோவிடம் ஒப்படைத்துவிட்டு, சந்தியாகோவிலிருந்த ஆர்ஜென்டீனத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். மூன்று வாரங்கள் அங்கே மறைந்திருந்தார். நாட்டைவிட்டுத் தப்பியோடவில்லை. செப்டெம்பர் 18உடன் அவரது ஐந்தாண்டுப் பதவிக்காலம் நிறைவுற்றது. மறுநாட் காலை, அரசியல் மரணசாசனமாகக் கடிதமொன்றை விட்டுவிட்டு, துப்பாக்கியால் தம் உயிரை முடித்துக்கொண்டார்.

வென்ற காங்கிரஸ் தரப்பு 1920களின் நடுப்பகுதி வரை சிலியை ஆண்டது. அமைச்சரவைகள் அடிக்கடி கவிழ்ந்தன. ஜனாதிபதியைக் கட்டுப்படுத்திய காங்கிரஸைக் கட்டுப்படுத்த எவரும் இருக்கவில்லை. 1925இன் புதிய அரசியலமைப்பு ஜனாதிபதியின் கையை மீண்டும் பலப்படுத்தியது. பல்மசேடாவின் நோக்கங்களை நான் மதிக்கிறேன். ஆயினும் நல்ல நோக்கம் சட்டத்துக்கு ஈடாகாது என்பதையே, பல்லாயிரம் உயிர்களைக் குடித்த அந்த உள்நாட்டுப் போர் எனக்கு உணர்த்துகிறது.