விலாசம் அறிந்தவர்கள்

இணையத்தில் ஓர் ஆள்களப் பெயரைத் தட்டிய மாத்திரத்தில் அதன் உடைமையாளர் யார், அவருடைய விலாசம் என்ன, தொலைபேசி இலக்கம் என்ன என்று ஒரு காலத்தில் எடுத்துரைத்துவந்த 'ஹூயிஸ்' என்னும் தேடல் வசதியின் சரித்திரத்தை எழுதுவோர் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் தொடங்குவது வழக்கம். கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிறவனோ வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் கடந்தே அங்கு போய்ச் சேர முடியும்.

மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் மையத்தின் 1982 மார்ச் மாத ஆவணம் ஒன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே செய்தி அனுப்ப வல்ல ஒவ்வொருவரும் தம் முழுப்பெயரையும் தபால் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பதிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நடுநிசியில் ஓர் இயந்திரம் பழுதுபட்டால் யாரை எழுப்புவது என்று தெரிந்திருப்பது, ஒருவரையொருவர் அறிந்த அச்சிறு சமூகத்துக்குச் சௌகரியமாகவே இருந்தது. 43 ஆம் இலக்க வாயிலில் ஒரு வரி எழுதினால் விடை வரும். கேட்பவர் யார் என்று அவ்வாயில் கேட்பதில்லை. கேள்வியும் விடையும் மறைகுறியின்றியே பயணம் செய்யும்.

அதற்கு மறு ஆண்டு, 1983 யூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தருகே தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல் மறுநாள் காலி வீதி வழியாக வெள்ளவத்தையின் ஒழுங்கைகளுக்குள் புகுந்தபோது, வந்தவர்களிற் பலரின் கையில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தன. 1931 முதல் சர்வசன வாக்குரிமையை அனுபவித்துவரும் ஒரு தேசத்தில், பிரஜையின் உரிமைக்குச் சாட்சியாக எழுதப்பட்ட ஏடு அது. வீட்டிலக்கம், அதற்கு நேரே பெயர்கள் என்பதே அதன் அமைப்பு. இனத்தைக் குறிக்கத் தனி நிரல் வேண்டியதில்லை, சிவபாக்கியம் என்ற பெயரே போதும். வீடு சிங்களவருடையதாகவும் குடியிருப்பவர் தமிழராகவும் இருந்த இடங்களில், சுவரைத் தொடாது தளபாடங்களை மட்டும் தெருவுக்கு இழுத்துவந்து எரித்தார்கள் என்பதும் பதிவாகியுள்ள செய்தி. அறியாமையால் நேர்ந்த அழிவன்று அது. விவரம் அறிந்து செய்த அழிவு.

அதன் பின்னரும் பட்டியல்கள் ஓயவில்லை. யுத்த காலத்தில் வீட்டிலுள்ளோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம் எல்லாவற்றையும் எழுதிப் பொலிஸ் நிலையத்தில் கையளித்து, முத்திரை விழுந்த பிரதியை அடையாள அட்டையோடு மடித்து வைத்துக்கொள்வது நம்மவர்களுக்கு நித்திய கருமமாயிற்று. 2007 யூன் 7 ஆம் திகதி வைகறையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாட, மறுநாளே அச்செயலுக்கு இடைக்காலத் தடை விழுந்தது.

இத்தகைய நகரத்தில், கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்துபவரோ வெள்ளவத்தையில் கல்யாணத் தரகு செய்பவரோ தம் தொழிலுக்கு ஒரு 'டொட் கொம்' பெயர் வாங்கியபோது, வீட்டு விலாசமும் கைத்தொலைபேசி இலக்கமும் உலகம் முழுவதற்கும் திறந்து கிடந்ததைப் பற்றி எவரும் அவரை எச்சரித்ததில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 இல் அமுலுக்கு வந்ததும் பதிவாளர்கள் அவ்விவரங்களுக்குத் திரையிட்டார்கள். பிரசல்ஸில் பிறந்த சட்டம் காலி வீதிக்காரருக்கும் நிழல் கொடுத்தது. மோசடிக்காரரைத் தேடும் புலனாய்வாளருக்கும் பத்திரிகையாளருக்கும் அத்திரை இடைஞ்சலே என்பதை மறுக்க இயலாது. ஆயினும் தக்க காரணம் காட்டிக் கேட்கும் சிரமத்தை அவர்கள் ஏற்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். இலங்கை தன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2022 இல் இயற்றியது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதோ பின்போடப்பட்டது.

ஆள்களப் பெயர்ப் பதிவேட்டின் பாதுகாப்பு வேறொரு விஷயம். 1990 முதல் '.எல்கே' பெயர்கள் வழங்கிவரும் நம் நாட்டில், 2021 பெப்ரவரி 6 அன்று, கூகிளின் இலங்கை முகவரி உட்படச் சில பெயர்களைத் தட்டியவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் இன்னல் முதலியவற்றைப் பேசும் அந்நியப் பக்கமொன்றுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அக்குறை கூறலில் உண்மை இருந்திருக்கலாம்; எனினும் பெயர் ஒன்றை நம்பி வந்தவனை வேறெங்கோ இறக்கிவிட முடிந்தது என்பது, அத்தகைய பெயரின் வழியே தன் வங்கிக் கணக்கைத் திறப்பவனுக்கு அச்சமூட்டும் சங்கதி.

தேடல் வசதி நடத்துகிறவரிடம் சேர்வது தேடப்பட்டவரின் விவரம் மாத்திரமன்று. எந்த இணைய முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பெயரைப் பற்றிக் கேட்டார்கள் என்னும் இரண்டாவது இடாப்பு ஒன்றும் அவரது சேவையகத்தில் தானாகவே வளர்கிறது. 2025 ஜனவரி 28 முதல் 'டொட் கொம்' போன்ற பெயர்களுக்குப் பழைய ஹூயிஸ் கட்டாயமில்லை. அதன் இடத்தில், கேட்பவரின் தகுதியைப் பொறுத்து விடையளிக்க வல்ல, மறைகுறியிட்ட வழியிற் செல்லும் 'ஆர்டாப்' வந்துவிட்டது. 2018 க்கு முன் வாரியெடுத்துச் சேமித்த விலாசங்களை விற்கும் நிறுவனங்களுக்கோ இம்மாற்றத்தால் நஷ்டம் ஏதுமில்லை. வீடு மாறாதவரின் விலாசம் அவர்களிடம் இன்றும் சரியாகவே இருக்கிறது.