கயிற்றின் மறுமுனை

கோடையில் சென்னைக்காரர்களுக்கு ஏன் தூக்கம் கெடுகிறது என்று கேட்டால், "வெக்கைங்க, வேறென்ன" என்று பதில் வரும். பாதிதான் சரி. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்க வேண்டும். வெக்கையில் அதற்குக் கைகொடுப்பது வியர்வை ஆவியாவதுதான். டெல்லியின் வறண்ட காற்றில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் அறை குளிர்ந்துவிடும். கடலோர ஈரப்பதத்தில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. மெட்ராஸுக்கு வேண்டியது காற்றோட்டம்.

ஊர்க்காரர்கள் காற்றைத் தேடித் திண்ணைக்கும் மொட்டைமாடிக்கும் போனார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் காற்றைப் படுக்கையறைக்கே வரவழைத்தார்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் துணிச்சட்டம்தான் பங்கா. அதன் கயிறு சுவரில் ஒரு துளை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து ராத்திரி முழுக்க இழுக்க வேண்டும். சிலர் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படுத்தபடியே ஆட்டினார்கள். கண்ணசந்தால் பங்கா நின்றுவிடும், துரை வியர்த்து எழுவார், அடி விழும். அப்படி அடிபட்டுச் செத்தவர்களின் வழக்குகள் பிரிட்டிஷ் இந்திய நீதிமன்றங்களுக்கு வந்திருக்கின்றன.

1842இல் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்தது. பிறகு மாகாண அரசே கோடையில் உதகைக்கு மூட்டை கட்டியது. கீழே இருந்தவர்களுக்கு அதே மே மாதம்தான்.

தூக்கம் வராத இரவுகளைப் பற்றித் துரைமார்கள் நிறையவே புலம்பி எழுதியிருக்கிறார்கள். கயிறு இழுத்தவர் எழுதியதாக எதையும் நான் படித்ததில்லை.

மின்விசிறி வந்து அந்த வேலையை ஒழித்தது நல்ல விஷயம்தான். ஆனால் ஏசி வேறு மாதிரி. என் தொழிலில் ஒரு சர்வரின் சுமையைக் குறைத்தால் அது இன்னொரு சர்வரின் தலையில் ஏறும். ஏசியும் அப்படித்தான்: அறையின் வெப்பத்தை எடுத்து, தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட்டும் இரவில் அதையே செய்கிறது. ஆகவே சென்னையில் யார் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. என் ஏசியின் வெளிப்பெட்டி எந்தச் சந்தைப் பார்த்து ஊதுகிறது, அங்கே ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருப்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.