எம்டன் எறிந்த குண்டும் நாடுகளிடைச் சட்டமும்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் நாள். இரவு ஒன்பது மணி கடந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டு ஏழு வாரங்கள் ஆகியும் சென்னை நகரம் தன் விளக்குகளை அணைக்கவில்லை. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் அந்நாளில் அமைந்திருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல் கடலுக்கு ஒளி வீசிக்கொண்டிருந்தது. அந்த ஒளியையே வழிகாட்டியாகக் கொண்டு ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்று இருளில் கரையை நெருங்கிற்று. அதன் பெயர் எம்டன். தலைவர் கார்ல் ஃபான் முல்லர். துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள்மீது தேடுவிளக்கு பாய்ந்தது. அடுத்த கணம் பீரங்கிகள் முழங்கின.

ஏறத்தாழ 125 குண்டுகள் வீசப்பட்டன என்பர். எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்று அடிபட்டது. சில உயிர்களும் போயின. ராயபுரத்துக்குச் செல்லும் கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்த கிளைவ் பேட்டரியின் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன. அவற்றுள் ஒரு குண்டேனும் எம்டனைத் தொடவில்லை. விளக்கை அணைத்துக்கொண்டு அது வந்த வழியே போய்விட்டது. மறுநாள் முதல் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு வெளியேறினர். தமிழில் ஒரு புதுச் சொல்லும் பிறந்தது. எவர்க்கும் அஞ்சாத சூரனை இன்றும் நாம் 'எம்டன்' என்கிறோம்.

செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார், அவரே வழிகாட்டினார் என்று ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. கேட்க இனிமையாக இருப்பது எல்லாம் வரலாறு ஆகிவிடாது.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியை நீங்கள் முன்பே கேட்டிருப்பீர்கள். பலரும் கேளாமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. எம்டன் செய்தது சட்டப்படி சரியா? போரில் சட்டம் ஏது என்று நீங்கள் நகைக்கலாம். உயர்நீதிமன்றத்தின் சுற்றுச்சுவர் ஒன்றில் அன்றிரவு குண்டு பட்டது. அதை நினைவூட்டும் கல்வெட்டு இன்றும் அங்கே உளது. நீதியின் வீட்டுச் சுவரையே பிளந்த குண்டு நீதிக்கு உட்பட்டதா என்று கேட்பதில் பிழை என்ன?

இக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு சட்டம் அப்பொழுதே இருந்தது. 1907ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் ஹேக் நகரில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடிப் போர்முறைகளைப் பற்றிப் பல உடன்படிக்கைகள் செய்தார்கள். அவற்றுள் ஒன்பதாவது, கப்பற்படை கரையின்மீது குண்டு வீசுவதைப் பற்றியது. காவல் இல்லாத துறைமுகம், ஊர், வீடு ஆகியவற்றைச் சுடலாகாது என்பது அதன் முதல் விதி. ஆனால் இரண்டாம் விதி ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. காவல் இல்லாத ஊரிலும், படைக்கலக் கிடங்கு, போர்ப்பொருள், எதிரியின் கப்பற்படைக்குப் பயன்படக்கூடிய தொழிற்கூடம் முதலியவற்றை அழிக்கலாம்; முதலில் எச்சரித்து அவகாசம் தரவேண்டும்; அவகாசம் தர இயலாத அவசரமாயின், ஊருக்கு இயன்ற அளவு குறைந்த கேடு விளையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கோயில், மருத்துவமனை, கலைக்கூடம் ஆகியவற்றைக் காக்க வேண்டும் என்று மற்றொரு விதி கூறிற்று.

இனி வழக்கை நாமே விசாரிப்போம். சென்னை காவலற்ற ஊர் என்று சொல்ல இயலாது. கிளைவ் பேட்டரியில் பீரங்கிகள் இருந்தன. அவை சுடவும் செய்தன. எண்ணெயோ கப்பற்படைக்கு உயிர்நாடி. ஆகவே தொட்டிகளைக் குறிவைத்ததில் முல்லர்மீது குற்றம் காண்பது கடினம். எச்சரிக்கை தரவில்லையே எனில், படை நிலைமை இடங்கொடுத்தால் தரவேண்டும் என்றுதான் விதி கூறுகிறது. நடு இரவில் தனித்து வந்த ஒற்றைக் கப்பல் தன் வருகையைப் பறைசாற்றிவிட்டுச் சுட முடியுமா என்று ஜெர்மனியின் வழக்கறிஞர் கேட்டிருப்பார். துறைமுகத்தில் இறந்த எளிய மாலுமிகளின் சார்பில் நின்றவர் வேறு விதமாகக் கேட்டிருப்பார். வேண்டுமென்று குறிவைக்காமல், தவிர்க்க இயலாது நேர்ந்த கேட்டுக்குத் தலைவன் பொறுப்பல்லன் என்று அவ்வுடன்படிக்கை கூறுகிறது. 'தவிர்க்க இயலாது' என்னும் அச்சொற்களுக்குள் எத்தனை உயிர்களை அடக்கலாம் என்பதுதான் அன்று முதல் இன்று வரை தீராத வழக்கு.

இதில் வியப்பான ஒரு முடிச்சும் உண்டு. போரிடும் நாடுகள் அனைத்தும் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால்தான் அது செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 1914இல் போரில் இருந்த செர்பியா கையெழுத்திட்டதே தவிர அதனை உறுதிப்படுத்தவில்லை. எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், எங்கோ பால்கன் மலைநாட்டில் முற்றுப்பெறாத ஒரு செயலால் சென்னைக் கடற்கரைக்கு அச்சட்டத்தின் காவல் இல்லாமற் போயிற்று. நல்வேளையாக, நாடுகளின் நெடுங்கால வழக்கமும் சட்டமே என்னும் கொள்கை உளது. ஊர்ச்சபையிலும் எழுதாத வழக்கத்துக்கு மதிப்பு இருந்ததை நம் பெரியோர் அறிவர்.

முல்லர் அவ்வழக்கத்தை மதித்தவர் என்பதற்கு வங்கக் கடலே சாட்சி. சென்னைக்கு வருமுன் அதே செப்டம்பர் மாதத்தில் அவர் பல ஆங்கில வணிகக் கப்பல்களைப் பிடித்தார். ஆட்களை முதலில் இறக்கிவிட்டே கப்பல்களை மூழ்கடித்தார். கபிங்கா என்பது ஆங்கிலக் கப்பல். அதை மூழ்கடிக்கத் தடை இல்லை. ஆனால் அதில் இருந்த சரக்கு அமெரிக்கருடையது. அன்று அமெரிக்கா நடுநிலை நாடு. எதிரியின் கப்பலில் இருந்தாலும் நடுநிலையாளரின் பொருள் பறிமுதலுக்கு உரியதன்று என்பது 1856ஆம் ஆண்டுப் பாரிஸ் அறிக்கை வகுத்த விதி. சரக்கை மூழ்கடித்தால் ஜெர்மனி ஈடு கொடுக்க நேரும். ஆகவே முல்லர், தாம் பிடித்த பிற கப்பல்களின் ஆட்களையும் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். லொரடானோ என்னும் இத்தாலியக் கப்பலையும், நடுநிலைக் கொடி கண்டு போகவிட்டார். அதுவே கரைக்குச் செய்தி சொல்லி அவரைக் காட்டிக்கொடுத்தது. இந்திய அரசுக்கு நிலக்கரி ஏற்றிச் சென்ற கிரேக்கக் கப்பலை மட்டும் அவர் விடவில்லை. அதன் தலைவனோடு ஒப்பந்தம் பேசித் தம் பணிக்கே அமர்த்திக்கொண்டார். சட்டம் படித்தவர் போர் செய்தால் இப்படித்தான் இருக்கும் போலும்! எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டி எழுதின.

அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஜெர்மானியக் கப்பல்கள் இங்கிலாந்தின் கீழைக் கரையில் ஸ்கார்பரோ, விட்பி, ஹார்ட்டில்பூல் ஆகிய ஊர்களைச் சுட்டன. ஹார்ட்டில்பூலில் பீரங்கிகள் இருந்தன; மற்ற இரண்டிலும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. ஒரே நாட்டுக் கொடியின் கீழ், மூன்று மாத இடைவெளியில், அதே சட்டம் ஒருவர் கையில் காக்கப்பட்டதும் வேறொருவர் கையில் சிதைந்ததும் இங்கே தெரிகிறது.

எதிரியின் கப்பலைப் பிடித்தால் அது யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வியிலிருந்துதான் நாடுகளிடைச் சட்டத்தின் பெரிய நூல்களில் ஒன்று பிறந்தது. 1603இல் ஒல்லாந்தர், சிங்கப்பூருக்கு அருகில், சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தனர். அச்செயலுக்கு நியாயம் சொல்ல அமர்த்தப்பட்ட இளம் வழக்கறிஞர் ஹியூகோ குரோஷியஸ். கடல் எவர்க்கும் தனியுடைமை அன்று என்னும் அவருடைய நூல் 1609இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய நாட்டவர் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிக்கொண்டனர். கீழை நாடுகளுக்குச் சொந்த அரசர்களும் சொந்தச் சட்டங்களும் உண்டு, போர்த்துகீசியர் அவற்றைத் தமதென்று சொல்ல முடியாது என்று அந்நூலில் குரோஷியஸ் வாதிட்டார். முந்நூறு ஆண்டு கழித்து ஹேக் மாநாடு கூடியபோதோ, ஆசியாவிலிருந்து ஜப்பான், சீனம், சயாம், பாரசீகம் முதலிய சில நாடுகளே அமர்ந்தன. இந்தியாவுக்கு நாற்காலி இல்லை. சென்னை சுடப்படலாமா என்ற விதியைச் சென்னையைக் கேளாமலே எழுதினார்கள்.

இக்கரைக்கு அத்தகைய சட்டம் அந்நியமன்று. இன்றைய ஆந்திரக் கடற்கரையில் உள்ள மோட்டுப்பள்ளியில், 13ஆம் நூற்றாண்டில் காகதிய அரசன் கணபதிதேவன் ஒரு கல்வெட்டு நிறுத்தினான். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கை முந்தைய அரசர் கவர்ந்துகொண்டனர். தான் சுங்கம் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை என்று அவன் அயல்நாட்டு வணிகருக்கு அபயம் அளித்தான். ஹேக் நகரத்துப் பேராளர்களுள் எவரேனும் இதைக் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே.

இனி, எரிந்த எண்ணெய்க்கு விலை கொடுப்பவர் யார்? நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதை இங்கே நன்கு காணலாம். எதிரி போரில் அழித்த பொருளுக்குத் தன் அரசு ஈடு தரவேண்டியதில்லை என்பது பெரும்பாலும் எங்கும் உள்ள விதி. ஆனால் எதிரி கையில் சிக்காதிருக்கத் தன் அரசே அழித்தால்? 1941 டிசம்பரில் மணிலா நகரில் ஜப்பானியர் நெருங்கியபோது அமெரிக்கப் படையினர் கால்டெக்ஸ் முதலிய கம்பெனிகளின் எண்ணெய்க் கிடங்குகளைத் தாமே அழித்தனர். தனியார் பொருளை அரசு எடுத்தால் நியாயமான விலை தரவேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டம். ஆயினும் 1952இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஈடு இல்லை என்றது. போரின் இழப்பு, விழுந்தவர் தலையிலேயே நிற்கும் என்று கருதிற்று.

1942இல் பர்மாவிலும் இதுவே நடந்தது. ஆங்கிலப் படை, ஜப்பானியருக்குக் கிடைக்காதபடி எண்ணெய்த் தொட்டிகளைத் தகர்த்தது. யாருடைய தொட்டிகள்? எம்டன் சென்னையில் எரித்த அதே பர்மா எண்ணெய்க் கம்பெனியினுடையவை! அக்கம்பெனி ஸ்காட்லாந்தில் பதிவு பெற்றதாகையால் வழக்கு அங்கே தொடங்கி, லண்டனில் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1964இல் ஐந்து நீதிபதிகளில் மூவர், சண்டையின் நடுவே நேர்ந்த அழிவு வேறு, முன்யோசனையோடு அரசே அழித்தது வேறு, பின்னதற்கு ஈடு தரவேண்டும் என்று தீர்ப்புக் கூறினர். எழுதப்பட்ட அரசியல் சட்டம் இல்லாத நாட்டில் குடிக்கு வெற்றி. எழுதப்பட்ட சட்டம் உள்ள அமெரிக்காவில் தோல்வி. மறு ஆண்டே ஆங்கில நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பழைய காலத்துக்கும் சேர்த்து அந்த உரிமையை நீக்கிவிட்டது. வென்றவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. நாடாளுமன்றத்துக்கு மேல் எதுவும் இல்லை என்னும் ஆங்கிலக் கொள்கையின் முழுப் பொருளும் இதில் விளங்கும்.

அதே ஆங்கில முறையில் இதற்கு எதிரான தீர்ப்பும் ஒன்று உண்டு. 1916இல், ஸமோரா என்னும் சுவீடன் கப்பலின் செம்பை அரசு எடுத்துக்கொள்ள முயன்றபோது, கைப்பற்றிய கப்பல்களை விசாரிக்கும் நீதிமன்றம் நாடுகளிடைச் சட்டத்துக்கே கட்டுப்பட்டது, அரசனின் ஆணை அதை மாற்ற முடியாது என்று பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், தன் அரசுக்கு எதிராகத் தன் நீதிமன்றம் கூறிய தீர்ப்பு இது. எனக்கு எம்டனின் வீரத்தை விட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

எம்டன் 1914 நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலால் சிதைக்கப்பட்டது. முல்லர் சிறைப்பட்டு, 1923இல் மறைந்தார். சென்னைத் துறைமுகத்தில் அன்று இருந்தவை சில தொட்டிகளே. பின்பு 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. 2001இல் எண்ணூரில் புதுத் துறைமுகம் திறக்கப்பட்டது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, குழாய்களுக்கும் கிடங்குகளுக்கும் அருகிலேயே மீனவர் குப்பங்களும் பள்ளிகளும் உள்ளன. இம்மாணவர்களின் வீடு 'காவல் இல்லாத ஊரா', 'கப்பற்படைக்குப் பயன்படும் தொழிற்கூடத்தின்' பக்கமா என்று கேட்டால், ஹேக் விதிப்படி இரண்டும்தான்.

இந்தியா 1960இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கெனத் தனிச் சட்டம் செய்தது. நாடாளுமன்றம் சட்டம் செய்தால்தான் உடன்படிக்கை நம் நீதிமன்றங்களில் உரிமைச் சட்டமாக நிற்கும் என்பது ஆங்கிலேயரிடம் நாம் பெற்ற மரபு. 1977இல் அவ்வுடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறை, தாக்குமுன் குடிமக்களுக்கு நேரும் கேட்டை எடைபோட வேண்டும் என்று விரிவாக விதிக்கிறது. அணை, கரை, அணுமின் நிலையம் ஆகிய மூன்றுக்கும் அது தனிக் காவல் தருகிறது. அதன்படி பார்த்தால் தெற்கே கல்பாக்கம் அப்பட்டியலில் வரும். வடக்கே மணலியின் எண்ணெய்த் தொட்டி வராது. அந்நெறிமுறையில் இந்தியா இன்னும் சேரவில்லை.