வைக்கோலைக் கவர்ந்த பிசின்

'எலக்ட்ரிக்' என்னும் ஆங்கிலப் பெயரடையின் வேர்ப்பொருள் 'அம்பரைப் போன்றது' என்பதேயாகும். அம்பர் என்பது பன்னெடுங்காலத்துக்கு முன் மரங்களிலிருந்து வடிந்து மண்ணுள் புதைந்து கல்போல் இறுகிய பிசின். திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் நறுமணப் பொருளான அம்பர் வேறு. பால்டிக் கடற்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இப்பிசினையும், பொன்னும் வெள்ளியும் கலந்த வெளிர்மஞ்சள் உலோகத்தையும் பழங்கிரேக்கர் 'ஏலெக்ட்ரோன்' என ஒரே பெயரால் அழைத்தமையால், அப்பெயர் சுட்டியது ஒளிரும் நிறத்தையே எனக் கொள்ளலாம்.

கம்பளியில் தேய்த்த அம்பர்த் துண்டை அருகே கொண்டுசென்றால், வைக்கோல் துணுக்கு சற்றே நடுங்கி, மேலெழுந்து, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பாரசீகர் இச்செயலையே கண்டு 'கஹ்ருபா', அதாவது வைக்கோலைக் கவர்வது, எனப் பெயரிட்டனர். அரபு மொழியில் இன்று மின்சாரத்தைக் குறிக்கும் சொல் அதிலிருந்து பிறந்ததே.

எலிசபெத் அரசியின் மருத்துவராயிருந்த வில்லியம் கில்பர்ட், முனைமேல் தடையின்றிச் சுழலும் மெல்லிய உலோக ஊசி ஒன்றை அமைத்து, தேய்த்த பொருள்களை அதன் அருகே காட்டிச் சோதித்தபோது, கண்ணாடி, கந்தகம், அரக்கு, வைரம் ஆகியனவும் ஊசியைத் திருப்பக் கண்டார். காந்த ஈர்ப்பினின்று வேறான இவ்வியல்பு அம்பருக்கு மட்டும் உரியதன்று என்றானபின், 1600இல் இலத்தீனில் வெளியிட்ட நூலில் அப்பொருள்களை 'எலெக்ட்ரிகா', அம்பரை ஒத்தவை, என வகைப்படுத்தினார். ஈர்ப்பின் காரணம் விளங்காத நிலையிலும் ஒப்புமை ஒன்றையே பற்றி அவர் ஆக்கிய சொல் மிகப் பொருத்தமானது. பண்பைக் குறிக்கும் 'எலக்ட்ரிசிட்டி' என்னும் பெயர்ச்சொல் தாமஸ் பிரவுனின் 1646ஆம் ஆண்டு நூலில்தான் இடம்பெறுகிறது; அடைமொழி முந்தியும் பெயர் பிந்தியும் தோன்றிய வரலாறு இது.

பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்த முறைப்படி 1752இல் பிரான்சில் இடிமேகத்திலிருந்து பொறி பெறப்பட்டபோது, துணுக்கை ஈர்க்கும் ஆற்றலும் வானின் மின்னலும் ஒன்றே என்பது உறுதியாயிற்று. தமிழ் தன் கலைச்சொல்லை அந்த மின்னலின் பக்கத்திலிருந்து, 'மின்' என்னும் பழஞ்சொல்லைக் கொண்டே, ஆக்கிக்கொண்டது.

மின்னூட்டத்தின் அடிப்படை அளவுக்கு ஜார்ஜ் ஸ்டோனி 1891இல் 'எலக்ட்ரான்' எனப் பெயரிட, பிசினின் பழம்பெயரே பின்னர் அணுவினுள் உள்ள துகளுக்கும் நிலைத்தது. இலங்கைத் தமிழில் அது 'இலத்திரன்' என வழங்குதலால், மின்னோட்டம் என்பது இலத்திரன்களின் ஓட்டம் என அங்குள்ள மாணவர் எழுதும் ஒரே தொடரில் மின்னலும் அம்பரும் அருகருகே நிற்கின்றன.