துண்டு போட்ட சரித்திரம்

நமக்குக் கார் வாங்கத் தெரியும். துடைக்கத் தெரியாது.

கோபப்படாதீர்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வண்டி எடுக்கிறோம். கோயில் வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் எல்லாம் அமர்க்களமாக நடக்கிறது. மறுநாள் காலையில் அதே வண்டியைத் துடைக்க வீட்டுக்குள் எதைத் தேடுகிறோம்? கிழிந்த பனியன்! அது கிடைக்காவிட்டால் பாட்டியின் பழைய புடவை. அதுவும் இல்லையென்றால் மிதியடியாகப் பதவியிறக்கம் பெறவிருக்கும் ஒரு துண்டு.

"துணியில என்ன சார் இருக்கு? ஈரம் போனா சரி" என்பவர்களை ஒரு வாரம் நெய்வேலிக்கு அனுப்பி வைக்கலாம்.

நெய்வேலியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1934இல் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதை அலட்சியமாக விட்டிருந்தால் நமக்கு நெய்வேலியே கிடையாது. மனுஷர் விடவில்லை. அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். அந்தக் கறுப்புச் சமாசாரம்தான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் கம்பெனி பதிவானது. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பக்கத்திலேயே பிளாக் பிளாக்காக, அகல அகலமான சாலைகளும் மரங்களுமாக ஒரு டவுன்ஷிப் எழும்பியது.

சரி, இதற்கும் துண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. தூசி!

நெய்வேலியில் நிலக்கரி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மேலே ஐம்பது மீட்டருக்கும் மேலாக மண் மூடிக் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரி வேண்டுமென்றால் ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். ராட்சச சக்கரத்தில் வாளிகளைக் கோத்த மாதிரி இருக்கும் இயந்திரங்கள் ராத்திரி பகலாக அதைத்தான் செய்கின்றன. அந்த மண்ணில் பெரும்பகுதி கடலூர் மணற்கல் என்று புவியியல்காரர்கள் சொல்கிற வகை. மணல் என்றால் குவார்ட்ஸ். 1812இல் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களுக்கு ஒரு கடினத் தராசு வகுத்தார். அதில் வைரத்துக்கு 10. குவார்ட்ஸுக்கு 7. சமையலறைக் கத்தி ஆறைத் தாண்டினாலே அதிகம்!

அடுத்து, சாம்பல். நிலக்கரியை எரித்தால் சாம்பல் வரும். பெரும்பகுதியைப் புகைபோக்கிக்கு முன்னாலேயே மின்சாரத்தால் இழுத்துப் பிடித்துவிடுகிறார்கள். இருந்தாலும் அனல் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கொஞ்சமாவது சாம்பல் பறக்காமல் இருக்காது. நெய்வேலிச் சாம்பலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதில் சுண்ணாம்புச் சத்து தூக்கல். அதனால் தண்ணீர் பட்டால் தானாகவே கெட்டிப்படும். சிமென்ட் கம்பெனிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கார்க்காரருக்கு? மார்கழிப் பனியில் ராத்திரி முழுக்க வெளியே நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய சாம்பல், அதன் மேல் பனி, காலையில் வெயில். பானெட்டின் மேல் சின்னதாக ஒரு கட்டட வேலையே நடந்து முடிந்திருக்கும்.

அதன் மேல் காய்ந்த துணியை வைத்து 'வரக் வரக்' என்று தேய்த்தால், அதற்குப் பேர் துடைப்பது இல்லை. உப்புத்தாள் போடுவது!

அந்தக் கால வண்டிகள் இதைத் தாங்கின. 1920களில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'ட்யூகோ' என்றொரு பெயின்ட்டைக் கொண்டு வந்தன. அதற்கு முன்னால் ஒரு காருக்குப் பெயின்ட் அடித்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். ட்யூகோ சில மணி நேரத்தில் காய்ந்தது. நம் ஊர் தச்சர்களும் பெயின்ட்டர்களும் 'ட்யூகோ அடிக்கணும் சார்' என்று இன்றைக்கும் சொல்வது அந்தப் பெயரைத்தான். அந்த வகைப் பெயின்ட்டில் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம், துணியில் கொஞ்சம் நிறம் வரும், வண்டி மறுபடி பளபளக்கும். அம்பாசடர் காலத்து டிரைவர்கள் மஞ்சள் துணியால் நாள் முழுக்கத் துடைத்தும் வண்டி பிழைத்த ரகசியம் இதுதான்.

இப்போதைய கார்களில் நிறம் அடியில் இருக்கிறது. அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ். பளபளப்பு முழுக்க அதன் கைங்கரியம். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். உங்கள் தலைமுடி அதைவிடத் தடிமன்! வெயிலில் நிற்கும் கறுப்புக் காரைக் கொஞ்சம் சாய்ந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகிறதா? பெரும்பாலும் ரோடு போட்டதில்லை. துணி போட்டது.

ஆக, துணிக்கும் ஒரு சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும்.

நம்முடைய ஆதித் துணி ஈரிழைத் துண்டு. மெல்லியது, சட்டென்று உறிஞ்சும், சட்டென்று காயும். தலை துவட்டிக்கொள்ள அதற்கு இணையே இல்லை. ஆனால் தட்டையான நெசவு. ஒரு மணல் துகள் மாட்டினால் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போகும்.

இந்தச் சிக்கலுக்கு விடை, காரே இல்லாத காலத்தில், துருக்கியில் பிறந்தது. ஹமாம் என்கிற பொதுக் குளியலறைகள் அங்கே பிரசித்தம். பூர்ஸா நகரத்து நெசவாளர்கள் துணியின் மேல் குட்டிக் குட்டியாக நூல் வளையங்கள் நிற்கும்படி ஒரு நெசவைக் கண்டுபிடித்தார்கள். வளையம் ஒவ்வொன்றும் தண்ணீரை இழுக்கும். 1850 வாக்கில் ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் துருக்கிப் பக்கம் போனார். மான்செஸ்டர் அருகே ஜவுளித் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. அந்தத் துண்டைப் பார்த்தார், ஒன்றை ஊருக்குக் கொண்டு வந்தார். அவர்கள் மில்லில் அந்த வளையத்தை இயந்திரத்திலேயே நெய்ய வழி கண்டுபிடித்து, 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைத்தார்கள். விக்டோரியா மகாராணியே ஆர்டர் கொடுத்தார் என்று கம்பெனி இன்றைக்கும் பெருமை பேசும். கிறிஸ்டிக்கு என்னவோ துண்டைவிடப் பழம்பொருட்களில்தான் ஆசை. பிரான்ஸில் குகைகளைத் தோண்டினார். அவர் சேர்த்து வைத்ததெல்லாம் பிற்பாடு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது.

அந்தத் துண்டு நம் ஊருக்கு வந்தபோது 'டர்க்கி டவல்' ஆனது. நம் ஆட்கள் அதன் முகத்தைப் பார்த்தார்கள். துருவின தேங்காய் மாதிரி இருந்தது. தேங்காய்ப்பூத் துண்டு! மான்செஸ்டர்காரர்களுக்கு இவ்வளவு அழகான பெயர் தோன்றவில்லை.

காருக்கும் இது நல்லதுதான். மணல் துகள் வளையங்களுக்கு நடுவே இறங்கிப் படுத்துக்கொள்ளும், பெயின்ட்டை உரசாது. ஒரே நிபந்தனை, புதுத் துண்டை அப்படியே எடுக்கக் கூடாது. கஞ்சியும் மினுக்கும் போக மூன்று நான்கு தடவை துவைத்த பிறகுதான் உறிஞ்சத் தொடங்கும்.

பணக்கார வீட்டு டிரைவர்களிடம் இன்னொன்று இருந்தது, ஷாமி லெதர். ஆல்ப்ஸ் மலையில் திரியும் ஷாம்வா என்ற ஆட்டு மானின் பெயரைக் கொண்டது. பிற்காலத்தில் வந்ததெல்லாம் செம்மறியாட்டுத் தோலின் உள்பக்கத்தை உரித்து, மீன் எண்ணெயில் பதப்படுத்தியவை. தண்ணீரைக் கபளீகரம் செய்யும். ஆனால் வழுவழுப்பான தோல். துகள் மாட்டினால் ஈரிழைத் துண்டின் கதைதான். தவிர, காய்ந்தால் அப்பளம்!

மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டி மிஞ்சிய துணி, கிலோ கணக்கில் வரும். கிரீஸ் துடைக்க அதை அடிக்க ஆளில்லை. பெயின்ட் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள். அதில் தையல் இருக்கும், முரட்டு நூல் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பட்டனும் இருக்கும்.

1970இல் ஜப்பானில் டோரே கம்பெனியின் மியோஷி ஒகமோட்டோ என்பவர் செயற்கை இழையைத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாக்கிக் காட்டினார். மெல்லிய தோல் போன்ற துணி செய்வதுதான் நோக்கம். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய மைக்ரோஃபைபர். 9,000 மீட்டர் நீள இழை ஒரு கிராம் இருந்தால் ஒரு டெனியர். மைக்ரோஃபைபர் அதற்கும் கீழே. துடைக்கிற வகையில் இழையை ஆரஞ்சுச் சுளை மாதிரி நெடுக்காகப் பிளந்துவிடுகிறார்கள். சுளைகளுக்கு நடுவில் உள்ள இடுக்குகளில் தண்ணீர் ஏறிக்கொள்ளும், தூசி மாட்டிக்கொள்ளும்.

கடையில் எதைப் பார்ப்பது? ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கும், ஒரு சதுர மீட்டரின் எடை. ஈரம் துடைக்க 400க்கு மேல் வாங்குங்கள். ஓரத் தையலைத் தடவிப் பாருங்கள், முரடாக இருந்தால் வேண்டாம். லேபிளை முதல் வேலையாகக் கத்தரித்து விடுங்கள். கட்டம் கட்டமாக, தேன்கூடு மாதிரி நெய்த வகை கண்ணாடிக்கு ரொம்ப நல்லது. அந்த நெசவு ஒன்றும் புதுசில்லை, பருத்தித் துண்டுகளில் நம் தறிக்காரர்களுக்கு எப்போதோ பழக்கமானதுதான்.

வாங்கினால் மட்டும் போதாது. முதலில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலை ஊற வைத்து இறக்க வேண்டும். பிறகு துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கீழே விழுந்த துண்டை அப்போதே ஓரங்கட்டிவிட வேண்டும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, துணியை மிருதுவாக்கும் திரவமும் ஆகாது, இடுக்குகள் அடைத்துக்கொள்ளும். ஒரு வருத்தமும் உண்டு. செயற்கை இழைத் துணி ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழையைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. பருத்தி அதைச் செய்யாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். சுற்றுவட்டார விவசாயிகளோ கிணறு இறங்கிவிட்டது என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ஊரிலிருந்து யோசித்தால், ஹோஸைத் திறந்துவிட்டுச் செல்போன் பேச மனசு வராது. இரண்டு வாளி போதும்.

துண்டு நமக்கு வெறும் ஈரம் உறிஞ்சும் துணியாக இருந்ததில்லை. தோளில் கிடந்தால் மரியாதை. மேல் சாதிக்காரரையோ பண்ணையாரையோ கண்டால் அதை இறக்கி இடுப்பில் கட்டவோ கக்கத்தில் இடுக்கவோ வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. துண்டைத் தோளிலேயே வைத்துக்கொள்ள ஊர் ஊராகச் சண்டை நடந்தது. அரசாங்கமும் துண்டைச் சாதாரணமாக நினைக்கவில்லை. 1985இல் வந்த சட்டம் கைத்தறிக்கென்று 22 ரகங்களை ஒதுக்கியது. 1996இல் அது 11 ஆகச் சுருங்கியபோதும் துண்டும் அங்கவஸ்திரமும் பட்டியலில் தப்பித்தன. ஒரு துண்டுக்குப் பின்னால் ஒரு தறியும், ஒரு வீட்டின் அடுப்பும் இருக்கிறது என்று அர்த்தம்.

கார் துடைக்கும் துணிக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு சைக்கிளில் வருவார். நெய்வேலியோ நங்கநல்லூரோ, எல்லா ஊரிலும் இதே காட்சிதான். பத்து பதினைந்து வண்டி, ஒரே வாளி, ஒரே துணி. முதல் வண்டியின் மணல் பத்தாவது வண்டியின் மேல் கோடு போடும். நாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, வண்டியெல்லாம் கீறல்? பார்த்துத் துடைக்க மாட்டியா?" என்று சத்தம் போடுவோம்.

அவர் பதில் சொல்ல மாட்டார். மாசச் சம்பளத்தில் அடி விழுமே!

அவருக்காக நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தத் துணியை வாங்கிக் கொடுத்தது யார்? பத்து வீட்டுக்காரர்களும் யாராவது கொடுப்பார்கள் என்று இருந்துவிட்டோம். அவர் தன் வீட்டுப் பழைய துணியைக் கொண்டு வந்தார்.

இரண்டு துண்டு வாங்குங்கள். உங்கள் வண்டிக்கென்று தனியாக, பெயர் எழுதி, கொடியில் காயப் போட்டு வையுங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் செலவில் பாதிகூட ஆகாது. மூன்றாவதாக ஒரு நல்ல ஈரிழைத் துண்டும் வாங்குங்கள்.

அது காருக்கு இல்லை. வேர்த்துப் போய் நிற்கிறாரே, அவருக்கு.