மாசிக்காய்ச் சாறும் மூத்தவாப்பாவின் கிதாபும்

எங்கள் வீட்டில் மூத்தவாப்பாவின் கையெழுத்துக் கிதாபு ஒன்று இருக்கிறது. அறபுத் தமிழில் எழுதியது. ஏட்டைப் புரட்டினால் பல இடங்களில் எழுத்து இல்லை. எழுத்தின் வடிவிலேயே ஓட்டைதான் இருக்கிறது. "பூச்சி திண்டு போட்டிச்சி, இனி இத வெச்சிக்கிட்டு என்ன செய்யிற மகன்?" என்று உம்மா கேட்டார்.

பூச்சி எழுத்தைப் பார்த்துத் தின்னாது. உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்த எனக்கு, அந்த ஓட்டைகளைக் கண்டதும் சோதனைக்குழாய்தான் நினைவுக்கு வந்தது.

அயன்களை இனங்காணும் சோதனைகளை நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். சோடியமைதரொட்சைட்டு இட்டால் இரும்பு(II) அழுக்குப் பச்சை வீழ்படிவு தரும், இரும்பு(III) கபில வீழ்படிவு தரும். தயோசயனேற்று இட்டால் இரும்பு(III) இரத்தச் சிவப்பாகும். ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்த இரும்புச் சோதனை ஒன்று உண்டு. அது பாடப் புத்தகத்தில் இல்லை, நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது.

கி.பி. 79இல் இறந்த உரோம அறிஞர் பிளினி அதனை எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்தில் செம்பிலிருந்து எடுக்கும் பச்சைக் களிம்பு மருந்தாகவும் வண்ணமாகவும் விலைபோனது. வியாபாரிகள் அதில் மலிவான அன்னபேதியைக் கலந்தார்கள். அன்னபேதி என்பது பெரசு சல்பேற்று, அதாவது இரும்பின் உப்பு. இரண்டும் பச்சை என்பதால் கண்ணால் பிரித்தறிவது கடினம். பிளினி சொல்லும் வழி இதுதான்: பப்பைரசுத் தாளை மாசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, அதில் களிம்பைத் தடவ வேண்டும். தாள் கறுத்தால் கலப்படம். நாம் இன்று பயன்படுத்தும் பாசிச்சாயத் தாளுக்கு இது ஏறத்தாழ மூத்தவாப்பா முறை!

மாசிக்காயிலும் கடுக்காயிலும் இருக்கும் தனின் இரும்பு அயனோடு சேர்ந்து, வளியிலுள்ள ஒட்சிசன் பட்டதும் கறுக்கிறது. இதே தாக்கத்தை ஒருவர் கலப்படம் பிடிக்கப் பயன்படுத்தினார், இன்னொருவர் எழுதப் பயன்படுத்தினார். சோதனையும் மையும் ஒன்றே.

முஸ்லிம் உலகம் இந்த மையை நன்கு அறிந்திருந்தது. 1062இல் மரணித்த ஸீரி ஆட்சியாளர் அல்-முஇஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் 'உம்ததுல் குத்தாப்' எழுதுகோல், மை, புத்தகம் கட்டுதல் பற்றிப் பேசும் நூல். புகைக்கரியில் செய்யும் 'மிதாத்', மாசிக்காயும் 'ஸாஜ்' எனும் உலோக உப்பும் சேர்ந்த 'ஹிப்ர்' ஆகிய இரு வகைகளுக்கும் அதில் செய்முறைகள் உள்ளன. நம் பக்கத்தில் மாசிக்காயின் இடத்தைக் கடுக்காய் பிடித்துக்கொண்டது.

இரசாயன வரலாறு என்றதும் நாம் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரைச் சொல்லி, அமிலங்கள் அனைத்தையும் அவர் கணக்கில் எழுதிவிட்டு அமர்ந்துவிடுகிறோம். அவர் பெயரிலுள்ள நூல்கள் யாருடையவை என்ற ஐயம் 10ஆம் நூற்றாண்டிலேயே எழுந்ததை இப்னு நதீம் பதிவு செய்திருக்கிறார். அவர் அந்த ஐயத்தை ஏற்கவில்லை என்பது வேறு விடயம். உறுதியாகச் சொல்லக்கூடியது இதைவிடக் குறைவு, ஆனால் பெறுமதியானது. 925இல் மரணித்த அர்-றாஸி, ஸாஜ்களையும் உப்புகளையும் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்தார். எந்தப் பகுப்பாய்வுக்கும் முதற்படி வகைப்படுத்தல்தான். மைக்கல் பரடே 'அயன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1834இல். பிரசெனியசு பண்பறி பகுப்பாய்வை ஒழுங்கான நூலாக்கியது 1841இல். பெயரும் ஒழுங்கும் பிந்தி வந்தன. கைப்பழக்கமோ வெகு முந்தியது.

இனி ஓட்டைக்கு வருவோம். அன்னபேதியும் தனினும் தாக்கமுறும்போது சல்பூரிக்கமிலமும் உண்டாகிறது. அது தாளின் செலுலோசை அறுக்கிறது. அன்னபேதி கூடிவிட்டால் மிஞ்சிய இரும்பு(II) அயன்கள் செலுலோசு ஒட்சியேறுவதை ஊக்குவிக்கின்றன. முதலில் எழுத்தைச் சுற்றிக் கபில நிறம் படரும், பிறகு மறுபக்கம் தெரியும், பிறகு வெடிக்கும், கடைசியில் எழுத்தே உதிரும். புகைக்கரி மைக்கு இந்தக் குணம் இல்லை.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஆவணப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு சோதனைத் தாளை உருவாக்கினார்கள். பத்தோபினாந்துரோலின் என்ற பொருள் ஊட்டிய சிறு கீற்று அது. காய்ச்சி வடித்த நீர் ஒரு துளி விட்டு, மிகுதி ஈரத்தை ஒற்றியெடுத்து, எழுத்தின் மீது சிறிது நேரம் அழுத்தினால் போதும். இரும்பு(II) அயன் இருந்தால் கீற்று சிவக்கும். இரும்பு(III) மட்டும் இருந்தால் கீற்றில் விற்றமின் சி கரைசல் ஒரு துளி விட்ட பின்பே சிவக்கும். பிளினி மாசிக்காய்த் தாளால் இரும்பைத் தேடினார். இவர்கள் மாசிக்காய் மையில் இரும்பைத் தேடத் தாள் செய்தார்கள்.

கடுக்காயைத் தட்டி ஊறவைத்து, அந்தச் சாற்றை அன்னபேதிக் கரைசலில் விடும் சோதனையை வகுப்பில் நான் செய்து காட்டியதுண்டு. "சேர், மையாப் போச்சே!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்த மை எங்கள் வீட்டு அலுமாரியில் தாளைத் தின்றுகொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். நம் ஊர்களில் வீடுகளிலும் பள்ளிவாசல் அலுமாரிகளிலும் கிடக்கும் கையெழுத்துப் பிரதிகளைப் 'பூச்சி அரித்தது' என்று ஒதுக்கிவிடுகிறோம். நல்லெண்ணத்தோடு ஈரத்துணியால் துடைக்கிறோம், வெயிலில் காயவைக்கிறோம், ஒட்டுநாடா போடுகிறோம், லெமினேற் செய்கிறோம். ஈரம் பட்டால் இரும்பு அயன்கள் எழுத்திலிருந்து வெளியேறி நல்ல தாளுக்கும் பரவும். வெயில் தாளை மேலும் நொறுங்கச் செய்யும். நாடாவின் பசையையும் லெமினேற்றையும் தாளுக்குச் சேதமின்றிப் பின்னர் கழற்றுவது மிகக் கடினம்.

உலர்ந்த, இருண்ட, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஏட்டை இரு கையாலும் தாங்கிப் புரட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இன்றே படம் எடுங்கள். மற்றதை ஆவணப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மூத்தவாப்பாவின் கிதாபை நான் படம் எடுத்து முடித்துவிட்டேன். ஓட்டையான இடங்களிலும் ஓரத்து வடிவை வைத்துச் சில சொற்களை வாசிக்க முடிகிறது. உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது அந்தக் கிதாபை எறியச் சொல்வதில்லை.