தாய்மடியை வரைந்த கைகள்

ஐரோப்பிய ஓவியத்தில் தாயும் சேயும் என்றதும் நம் நினைவில் எழுவது மேரி மாதாவும் குழந்தை யேசுவும்தான். பல நூற்றாண்டுகளாக அவ்வுருவைத் தீட்டியோர் பெரும்பாலும் ஆண்களே. நீல மேலாடை, ஒளிவட்டம், தாழ்ந்த பார்வை. அந்தத் தாய்க்கு இரவெல்லாம் உறக்கம் கெட்டது என்றோ, பிள்ளையைச் சுமந்து கை கடுத்தது என்றோ அப்படங்களிலிருந்து நாம் அறிய இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்கள் இதே பொருளைக் கையிலெடுத்தபோது என்ன மாறிற்று என்று சற்றே பார்ப்போம்.

1874இல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் பெர்த் மோரிஸோ 'தொட்டில்' என்னும் ஓவியத்தை வைத்தார். அது 1872இல் தீட்டப்பட்டது. மெல்லிய திரைக்குப் பின்னே குழந்தை பிளான்ஷ் உறங்குகிறது. கன்னத்தில் கையூன்றி அதைப் பார்த்திருப்பவர் பெர்த்தின் தமக்கை எட்மா. அவரும் தங்கையோடு சேர்ந்து ஓவியம் பயின்றவர். 1869இல் மணம் முடித்தபின் தூரிகையைக் கைவிட்டவர். இதை அறிந்த பிறகு அம்முகத்தில் கனிவை மட்டும் காண நம்மால் முடிவதில்லை. அக்காலத்தில் விலைபோகாத அந்த ஓவியம் குடும்பத்தாரிடமே தங்கிவிட, 1930இல்தான் லூவர் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

மேரி கஸாட் அமெரிக்கர், மணம் செய்துகொள்ளாதவர். 1890இல் பாரிஸில் ஜப்பானிய அச்சோவியங்களைக் கண்டு வியந்து, அடுத்த ஆண்டுக்குள் பத்து வண்ண அச்சுப்படங்களை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றில், ஒரு கையில் குழந்தையை அணைத்தபடி மறு கையால் தொட்டி நீரின் சூட்டைப் பதம் பார்க்கிறாள் ஒருத்தி. தாயாகாதவர் தாய்மையை வரையலாமோ என்று ஐயுறுவோர்க்கு அந்தக் கை போதும் என்பது எங்கள் எண்ணம்.

ஜெர்மனியின் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் 1906இல், தாம் கருவுறாத நிலையிலேயே, வயிறு புடைத்த கோலத்தில் தம்மை வரைந்துகொண்டார். அதே ஆண்டு, ஆடையின்றிச் சேயோடு ஒருக்களித்துக் கிடக்கும் தாயையும் தீட்டினார். மறுவருடம் நவம்பர் 2ஆம் நாள் அவருக்கு மகள் பிறந்தாள். பதினெட்டு நாள் கழித்து, படுக்கையை விட்டு எழுந்த வேளையில் இரத்தக்கட்டி அடைத்து இறந்தார். வயது 31.

இனி கேத்தே கோல்விட்ஸ். இவரிடம் சற்று நேரம் நிற்க வேண்டும்.

கணவர் கார்ல் பெர்லினின் உழைப்பாளர் பகுதியில் மருத்துவர். அவரைத் தேடி வந்த ஏழைப் பெண்களைக் கேத்தே அன்றாடம் கண்டார். பிள்ளையைப் பறிகொடுப்பது அங்கே அரிய நிகழ்ச்சியன்று. 1903இல், ஏழு வயது மகன் பீட்டரை மடியில் கிடத்திக் கண்ணாடி முன் அமர்ந்து தம்மையே வரைந்தார். 'இறந்த குழந்தையுடன் பெண்' என்னும் செதுக்கோவியம் அப்படிப் பிறந்தது. கால்களை மடக்கி அமர்ந்த அந்தப் பெண், பிள்ளையின் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். மீண்டும் தன் உடலுக்குள்ளேயே இழுத்துக்கொள்ள முயல்பவள் போன்ற பிடி. தேவமாதாவின் சாயல் துளியும் இல்லை. குட்டியை இழந்த விலங்கின் துயரம் அது.

1914இல் போர் மூண்டது. பதினெட்டு வயதுப் பீட்டர் தானாகப் படையில் சேர விரும்பினான். தந்தையின் ஒப்புதல் தேவை, அவர் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் மன்றாடி இசைய வைத்தவர் கேத்தே. அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் மாண்டான்.

1903ஆம் ஆண்டுப் படத்தை வருவதுரைத்த ஓவியம் என்று வியப்போர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. விதி என்று சொல்லிவிட்டால் அந்த ஒப்புதலின் பாரம் குறைந்துவிடும். கேத்தே அதை ஒருநாளும் குறைத்துக்கொள்ளவில்லை. 1922இல் முடித்த 'போர்' மரச்செதுக்கு வரிசையின் முதல் தாளுக்குப் 'பலி' என்று பெயர். அதில் பச்சிளங் குழந்தையைத் தன் கைகளாலேயே உயர்த்தி நீட்டுகிறாள் தாய். மகனுக்கான நினைவுச் சின்னத்தில் முதலில் பீட்டரின் உடலும் இருப்பதாகத் திட்டம். 1932இல் பெல்ஜியக் கல்லறைத் தோட்டத்தில் அது நிறுவப்பட்டபோது மகன் இல்லை. மண்டியிட்ட தாயும் தந்தையும் மட்டுமே, தனித்தனிப் பீடங்களில்.

இரண்டாம் போர்க்காலத்தில் அவர் செய்த கடைசிக் கல்லச்சுப் படத்தின் தலைப்பு, விதைத் தானியத்தை அரைக்கலாகாது என்ற பொருளுடையது. விதைநெல்லைக் குத்தித் தின்னாத வழக்கம் அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முதிய தாயொருத்தி மூன்று சிறுவர்களைத் தன் கைகளுக்குள் அடக்கி வைத்திருக்கிறாள். பையன்களோ வெளியே ஓடத் துடிக்கும் கண்களோடு எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவன் முகத்தில் குறும்புகூடத் தெரிகிறது. அவள் கை தளரவில்லை.

அப்படம் 1942இன் தொடக்கத்தில் முடிந்தது. அவ்வாண்டே, இறந்த சிற்றப்பனின் பெயரைத் தாங்கிய பேரன் பீட்டர், ரஷ்யப் போர்முனையில் கொல்லப்பட்டான்.